10.75 கோடியில் ஊர் மைதானத்துக்கு எவ்வளவு?

2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஐபிஎல் ஏலத்தில் நம்ம சேலம் மாவட்டச் சின்னப்பம்பட்டி வேகப்பந்து வீச்சாளர் நடராஜனை டெல்லி கேப்பிடல்ஸ் அணி 10.75 கோடிக்கு எடுத்தது. அந்த முக்கால் எங்கிருந்து வந்தது? ஏலம் கேட்பதற்கு ஒரு படி உண்டு. ஆரம்பத்தில் ஐந்து லட்சம், பத்து லட்சமாக ஏறும். விலை சில கோடிகளைத் தாண்டிவிட்டால் ஒவ்வொரு கை தூக்கலும் 25 லட்சம். அதனால்தான் பெரிய விலைகள் எல்லாம் கால், அரை, முக்காலில் போய் நிற்கின்றன.

2017-ல் அவருடைய அடிப்படை விலை 10 லட்சம், போனது 3 கோடிக்கு. பஞ்சாப் எடுத்தது. ஆறு ஆட்டம், இரண்டு விக்கெட். அடுத்த ஆண்டு ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்து, இரண்டு சீசன் ஒரு ஆட்டம்கூடக் கொடுக்காமல் உட்கார வைத்தது. 2022-ல் 4 கோடி, பிறகு 10.75. இந்த ஏற்ற இறக்கத்தைத் திறமையின் வரைபடமாகப் படித்தால் தப்பு. களத்தில் இறங்கும் பதினொரு பேரில் வெளிநாட்டவர் நான்கு பேருக்கு மேல் கூடாது. மீதி ஏழு பேர் இந்தியராக இருந்தே ஆகணும். கடைசி ஓவரில் யார்க்கர், அதாவது மட்டையாளரின் காலடியில் விழும் பந்து, போடத் தெரிந்த இந்திய இடக்கை வேகம் நாட்டிலேயே விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். அப்படி ஒரு பெயர் வரும்போது இரண்டு அணிகளின் பர்ஸில், அதாவது வீரர்களுக்கென்று ஒதுக்கிய தொகையில், பணம் மிச்சம் இருந்தால் விலை எகிறும். அதே பெயர் மறுநாள் கடைசியில், எல்லாப் பர்ஸும் காய்ந்தபின் வந்தால் அடிப்படை விலையோடு முடியும்.

இனி பலரும் குழப்பிக்கொள்ளும் இடம். 10.75 கோடி என்பது ஆளை "வாங்கிய" விலை இல்லை, ஒரு சீசன் சம்பளம். ஏலத்தில் விற்பவர் என்று யாருமே கிடையாது. அடுத்த பெரிய ஏலம் வரை ஆண்டுதோறும் அதே தொகைக்கு வைத்துக்கொள்ளவோ, கழற்றிவிடவோ அணிக்கு உரிமை உண்டு. 2025 முதல் இதற்கு மேல் ஆட்டத்துக்கு 7.5 லட்சம் தனிச் சம்பளம். 30 லட்சத்துக்குப் போன பையன் லீக்கில் 14 ஆட்டமும் ஆடினால் 1.05 கோடி கூடுதலாக வரும், ஏலத்தொகையைப் போல மூன்றரை மடங்கு. என்னைக் கேட்டால், சின்ன விலைக்குப் போகிறவர்களுக்கு ஐபிஎல் செய்த ஒரே உருப்படியான காரியம் இதுதான்.

சம்பளம் என்றால் வரி உண்டு. முதல் தடவை எடுபடுகிற பையன்கள் வீட்டில் பெரிய அடி இங்கேதான் விழுகிறது. அணி 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டிய வரிப் பிடித்தம், பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பும். 3 கோடிக்கு 30 லட்சம் போக 2.70 கோடி வங்கியில் ஏறும். எல்லாம் நமதே என்று நினைத்து வீடு, நிலம், கார் என்று அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்கள். புதிய வரி முறையில், 2025-26 கணக்குப்படி, செலவு எதுவும் கழிக்காமல் பார்த்தால் 3 கோடிக்கு அடிப்படை வரி 85.8 லட்சம். அந்த வரியின்மேல் 25 சதவீதம் சர்சார்ஜ் என்ற கூடுதல் வரி, அதற்கும் மேல் 4 சதவீதம் செஸ். மொத்தம் சுமார் 1.12 கோடி. டிடிஎஸ் போக இன்னும் சுமார் 82 லட்சம் கட்டணும். இதில் 15 சதவீதத் தவணை ஜூன் 15-க்குள், செப்டம்பர் 15-க்குள் அதையும் சேர்த்து 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் முழுசும். தவறினால் மாதம் ஒரு சதவீத வட்டி. ஐபிஎல் முடிந்து ஊருக்கு வந்து மாலை மரியாதை எல்லாம் அடங்குவதற்குள் முதல் தவணை வாசலில் நிற்கும். ஏலத்துக்கு முன்பே ஒரு ஆடிட்டரைப் பார்த்து வைப்பது நல்லது.

இவ்வளவு பணம் எங்கிருந்து வருகிறது? டிக்கெட்டிலிருந்து இல்லை. 2023 முதல் 2027 வரை ஒளிபரப்பு உரிமை 48,390 கோடிக்குப் போனது. இந்தியாவில் டிவி ஒரு ஆட்டத்துக்கு 57.5 கோடி, செல்போன் வகையறா 50 கோடி. இதை அணிகள் தனித்தனியாக விற்பதில்லை, கிரிக்கெட் வாரியம் மொத்தமாக விற்கிறது. சேலத்துக்காரர்களுக்கு ஜவ்வரிசி ஆலைகளின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் என்றால் சட்டென்று பிடிபடும். ஆலைகள் மூட்டையைச் சங்கத்தில் கொண்டுவந்து போட, வியாபாரிகள் டெண்டர் கேட்பார்கள். ஆனால் சேகோசர்வில் அவரவர் சரக்குக்கு அவரவர் விலை. இங்கே எல்லாம் ஒரே உண்டியலில் விழுந்து, ஏறத்தாழ பாதி பத்து அணிகளுக்கும் பிரிகிறது. ஆண்டுக்கு ஒரு அணிக்குச் சராசரியாக 480 கோடி ரூபாய் பக்கம் வரும். 2025-ல் வீரர்களுக்கான பர்ஸ் 120 கோடி. அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்தில் வருமானத்தில் சுமார் பாதி வீரர்களுக்கு என்று சங்கத்தோடு ஒப்பந்தமே இருக்கிறது. ஐபிஎல்லில் பேரம் பேசச் சங்கம் இல்லை.

சரி, ஊர் மைதானத்துக்கு வருவோம். கால்பந்தில் ஒப்பந்தக் காலத்துக்குள் ஒரு வீரர் பணத்துக்கு இன்னொரு நாட்டு கிளப்புக்குப் போனால், அந்தத் தொகையில் 5 சதவீதத்தை எடுத்து 12 முதல் 23 வயது வரை அவரைப் பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் பிரிக்கணும் என்பது உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் விதி. 12 முதல் 15 வயது வரை ஒவ்வொரு ஆண்டுக்கும் மொத்தத் தொகையில் 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை ஆண்டுக்கு 0.5. பேச்சுக்கு 10.75 கோடி டிரான்ஸ்ஃபர் என்று வைத்துக்கொண்டால் பங்கு 53.75 லட்சம். 16 முதல் 19 வயது வரை நான்கு சீசன் வளர்த்த கிளப்புக்கு 21.5 லட்சம். ஒரு தடவையோடு முடியாது, மறுபடி விற்கப்படும்போதெல்லாம் வரும். ஒப்பந்தம் முடிந்து சும்மா போனால் மட்டும் கிடையாது, சதவீதம் எடுக்கத் தொகை இல்லையே.

கிரிக்கெட்டில் இந்தப் பங்கு பூஜ்யம். விற்பவரே இல்லாத இடத்தில் எதிலிருந்து எடுப்பது? சின்னப்பம்பட்டியில் இப்போது இருக்கும் மைதானம் நடராஜன் தானே அமைத்தது. 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் வந்து திறந்து வைத்தார்.

கால்பந்து விதியை அப்படியே கிரிக்கெட்டுக்குக் கொண்டுவந்தாலும் நம் பக்கம் காசு வந்திருக்காது என்பதுதான் வேடிக்கை. நடராஜன் இருபது வயதை ஒட்டும் வரை ஆடியது டென்னிஸ் பந்தில். ஊர்த் திருவிழா டோர்னமென்டில் நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு பெயரை நோட்டில் எழுதுவார்கள், கோப்பை கொடுத்ததும் நோட்டு காணாமல் போகும். ஃபிஃபாவோ காகிதத்தை மட்டும்தான் நம்பும். 2022 நவம்பரிலிருந்து இந்தப் பங்குப் பணம் அவர்களுடைய கிளியரிங் ஹவுஸ் என்ற பட்டுவாடா அமைப்பு வழியாகப் போகிறது. வீரரின் பதிவு வரலாறு மின்னணுப் பாஸ்போர்ட்டாகத் தொகுக்கப்படும். அதில் கிளப் பெயர் இருந்தால் பங்கு, இல்லாவிட்டால் இல்லை.

சேலத்தில் பையன்களுக்குக் கால்பந்து சொல்லித்தருகிறவர்கள் கவனிக்க வேண்டியதும் இதுதான். இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் பதிவு மென்பொருளில் ஒவ்வொரு சீசனும் பையனைப் பதிவு செய்திருக்கணும், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பதோடு. "ஒரு மேட்ச்தானே சார்" என்று வேறு கிளப் பெயரில் இறக்கிவிட்டால் அந்த மாதங்கள் அந்தக் கிளப்புக்குப் போய்விடும். அடுத்த வில்லங்கம் இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் "கே. மணி", ஆதாரில் "மணி கே", பாஸ்போர்ட் எடுக்கும்போது குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயர் முழுசாக. மூன்றும் மூன்று ஆளாகத் தெரியும். பன்னிரண்டு வயதில் முதல் பதிவு போடும்போதே பாஸ்போர்ட்டில் எப்படி வருமோ அப்படி, அப்பா பெயரை விரித்து எழுதி, பிறப்புச் சான்றிதழின் நகலோடு கோப்பில் போட்டு வைக்கணும்.