413 பொம்மைகளும் என் 4 மதிப்பெண்ணும்

முதுகலை வரலாற்றில் பண்டைய எகிப்து தாளில், கல்லறைகளில் வைக்கும் 'ஷப்தி' பொம்மைகளைப் பற்றி 10 மதிப்பெண் கேள்வி வந்தது. "மன்னரோடு வேலையாட்களையும் கொன்று புதைத்தார்கள், பிறகு மனம் மாறி பொம்மை வைத்தார்கள்" என்று தைரியமாக எழுதினேன். 4 கிடைத்தது.

கேட்க நல்ல கதைதான், காலம்தான் ஒத்து வராது. ஆட்களைக் கொன்று புதைத்தது எகிப்தின் முதல் அரசமரபில், அபிடோஸ் என்ற ஊரில். ஷப்தி தலைகாட்டுவது 'மத்திய இராச்சியம்' எனப்படும் காலத்தில், பல நூற்றாண்டுகள் கழித்து. அதுவும் ஆரம்பத்தில் அது வேலையாள் உருவமே அல்ல, மம்மியாகச் சுற்றப்பட்ட இறந்தவரின் உருவம்.

மறுபடி படித்தபோது பொம்மையை விட்டுவிட்டு, மறுமைக்கான எகிப்திய மந்திரத் தொகுப்பான 'இறந்தோர் நூலின்' 6ஆம் மந்திரத்திலிருந்து தொடங்கினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், சின்ன மந்திரம்தான். மறுமையிலும் வயல் உண்டு, அங்கே உழ வேண்டும், நீர் பாய்ச்ச வேண்டும், மணல் சுமக்க வேண்டும். இறந்தவரை வேலைக்குக் கூப்பிட்டால் "இதோ இருக்கிறேன்" என்று பொம்மை முன்வர வேண்டும். பின்னாளில் வந்த 'உஷப்தி' என்ற பெயருக்கே 'பதில் சொல்பவர்' என்றுதான் பொருள். உயிரோடு இருக்கும்போதே அரசு மக்களைக் கால்வாய், கரை வேலைக்குக் கட்டாயமாக இழுத்த நாடு அது. செத்த பிறகும் அந்த ஓலை வரும் என்று பயந்திருக்கிறார்கள், பாவம்! இது புரிந்தால் பொம்மையின் கையில் மண்வெட்டியும் முதுகில் பையும் ஏன் என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

எண்களும் அப்படித்தான். 1922இல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த மன்னர் துட்டன்காமுன் கல்லறையில் 413 ஷப்திகள். நாளுக்கு ஒருவராக 365 வேலையாட்கள், பத்துப் பேருக்கு ஒருவராக 36 கங்காணிகள், மாதத்துக்கு ஒருவராக 12 மேலாளர்கள். எகிப்தியர் வாரத்துக்குப் பத்து நாள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 36 வாரம் போக மிஞ்சும் 5 நாளுக்குக் கங்காணி கிடையாது, அதை நான் விடைத்தாளில் எழுதவில்லை!

இன்னொன்று, நீல நிற ஷப்தியைப் பார்த்ததும் 'களிமண்' என்று எழுதிவிடாதீர்கள். அது பெரும்பாலும் ஃபையான்ஸ், அதாவது பொடித்த குவார்ட்ஸ். நீலம் செம்பிலிருந்து வருவது. மரத்திலும் கல்லிலும், களிமண்ணிலும்கூட ஷப்திகள் உண்டு என்பதால் தேர்வில் தரும் படத்தை நிதானமாகப் பாருங்கள். மம்மி உருவத்துக்குப் பதில் இடுப்பில் பாவாடை போன்ற உடை, கையில் சாட்டை என்று இருந்தால் அவர் கங்காணி. அடுத்த முறை எனக்கு வந்த படம் அதுதான்.