ஊசி போட்ட கார்டு போதாதாம்

குடியாத்தத்தில் மெடிக்கல் ஷாப் கவுன்ட்டரில் பன்னிரண்டு வருஷம் நின்றவன் நான். வேலூரில் ஒரு மருத்துவமனையில் புற்றுநோய் மருந்துப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. டெஸ்ட், இன்டர்வியூ எல்லாம் ஒரே காலையில் முடிந்தது. சேர்வதற்குள்தான் நாக்குத் தள்ளிவிட்டது.

பதிவுச் சான்றிதழ், புதுப்பித்த ரசீது, ஹெபடைடிஸ் பி ஊசி கார்டு எல்லாவற்றையும் கிளார்க் புரட்டிப் பார்த்துவிட்டு, "திங்கட்கிழமை வாங்க" என்றார். கடைக்கு லீவு போட்டுப் போனேன்.

"டைட்டர் ரிப்போர்ட் எங்க?"

"மூணு டோஸும் போட்ட கார்டு இருக்கே சார்."

"போட்டதுக்கு கார்டு இருக்கு. பிடிச்சதுக்கு?"

நியாயமான கேள்விதான். டைட்டர் என்றால் ஊசியால் ரத்தத்தில் உண்டான எதிர்ப்புச் சக்தியின் அளவு; அது 10ஆவது இருந்தால்தான் உடம்பில் எதிர்ப்பு இருக்கிறது என்று கணக்கு. அதைப் போன தடவையே கேட்டிருந்தால் ஒரு நாள் சம்பளம் மிஞ்சியிருக்கும். சேரப் போகிறவர்கள் அந்த ரத்தப் பரிசோதனையை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். அதோடு எல்லாத் தாளுக்கும் மூன்று ஜெராக்ஸ்.

உள்ளே போன பிறகு என் அனுபவமே எனக்கு எதிரி ஆகிவிட்டது. நிஜ மருந்துக்குப் பதிலாக ஃப்ளோரசின் சாயம் கலந்த தண்ணீரைக் கொடுத்துக் கலக்கச் சொன்னார்கள். கவுன், இரட்டைக் கையுறை, காற்றை வடிகட்டும் கேபினெட், எல்லாம் சரியாகத்தான் செய்தேன். கடை வேகத்தில் ஐந்தே நிமிஷம். விளக்கை அணைத்துவிட்டு புற ஊதா டார்ச் அடித்தார் பயிற்சி கொடுத்த மேடம். கையுறை நுனியில், சட்டை விளிம்பில், லேபிளில்கூடப் பச்சையாக மினுமினுத்தது. "இது டாக்ஸோரூபிசின் மாதிரி நிஜ புற்றுநோய் மருந்துன்னா வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருப்பீங்க" என்றார். மருந்துக் குப்பிக்குள் காற்றை அழுத்தி ஏற்றியதுதான் தப்பு. ஊசியை உருவும்போது பீய்ச்சியிருக்கிறது.

கார்போபிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தின் டோஸ் கணக்கிலும் சறுக்கினேன். உடம்பில் மருந்து எட்ட வேண்டிய இலக்கு (AUC) 5, சிறுநீரகம் வடிகட்டும் வேகம் நிமிஷத்துக்கு 60 மில்லி. பெருக்கி 300 மில்லிகிராம் என்று எழுதிவிட்டேன். 60உடன் 25ஐக் கூட்டிவிட்டுத்தான் பெருக்க வேண்டும். விடை 425. சிஸ்பிளாட்டினைக் கலக்க சலைன் (உப்பு நீர்), ஆக்ஸாலிபிளாட்டினைக் கலக்க டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரை நீர்) மட்டும் என்பதை மாற்றி எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டவர் பக்கத்து சீட்காரர். அதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

இன்னும் உறுத்துவது வேறு. ரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளையோடு வங்காளத்திலிருந்து வந்த ஒரு அப்பா. வீட்டுக்கு இரண்டு மாத்திரை: மெர்காப்டோபியூரின் தினமும், மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரு தடவை. என் அரைகுறை இந்தியில் சொல்லி, "சம்ஜே?" (புரிந்ததா?) என்றேன். தலையாட்டினார். மேடம் விடவில்லை, அவரையே திருப்பிச் சொல்லச் சொன்னார். "தோனோ ரோஜ்" என்றார் அவர். இரண்டுமே தினமும்! மெத்தோட்ரெக்ஸேட்டைத் தினமும் கொடுத்தால் வாயெல்லாம் புண்ணாகி, எலும்பு மஜ்ஜையே படுத்துவிடும். எனக்கு வியர்த்துவிட்டது.

சுவரில் இருந்த தமிழ் காலண்டரைக் கிழித்து, புதன்கிழமைகளை மட்டும் சிவப்பில் சுழித்தேன். "புத்பார்?" என்றார். அதேதான். இந்தத் தடவை மூன்று முறை திருப்பிச் சொல்ல வைத்தேன். "சம்ஜே?" கேட்பதை அன்றோடு விட்டாச்சு.

கடைசி நாள் சான்றிதழ் வாங்க அதே கிளார்க்கிடம் போனேன். "போட்டோ ரெண்டு வேணுமே" என்றார். பையில் ஆறு வைத்திருந்தேன்.