வரங்களும் கடைசி நாட்களும்: இறையியல் தேர்வுக்கு இப்படிப் படிக்கலாம்

பி.டி. (இறையியல் இளநிலைப் பட்டம்) தேர்வுக்குத் தயாராகிறவர்கள் பலர் பரிசுத்த ஆவியானவரைப் பற்றிய பாடத்தையும் கடைசிக்காலப் பாடத்தையும் தனித்தனியாகத்தான் படிக்கிறார்கள், பாடத்திட்டமும் அப்படித்தான் பிரித்திருக்கிறது. நான் இரண்டையும் சேர்த்தே படித்தேன், அதுதான் எனக்குக் கைகொடுத்தது. அப்போஸ்தலர் 2:17-ஐ எடுங்கள். ஆவி ஊற்றப்பட்டதை யோவேல் தீர்க்கதரிசியைக் காட்டி விளக்கும் பேதுரு 'கடைசி நாட்களில்' என்றுதான் தொடங்குகிறார். அப்படியானால் அந்த நாட்கள் ஆவி ஊற்றப்பட்ட பெந்தெகொஸ்தே நாளிலேயே தொடங்கிவிட்டனவா, இனிமேல்தான் வருமா? அந்நியபாஷை, தீர்க்கதரிசனம் போன்ற ஆவியின் வரங்கள் இன்றும் உண்டா என்ற சண்டையில் பாதி இங்கிருந்தே கிளம்புகிறது.

அப்புறம் 1 கொரிந்தியர் 13:10, 'நிறைவானது வரும்போது குறைவானது ஒழிந்துபோம்'. வரங்கள் நின்றுவிட்டன என்கிற எல்லாருமே இந்த நிறைவை வேதாகமம் முழுமையானது என்று எடுப்பதாக எழுதிவிடாதீர்கள். இறையியலாளர் ரிச்சர்ட் காஃபின் அந்தத் தரப்புதான், ஆனால் அவரே இதைக் கிறிஸ்துவின் வருகை என்கிறார். 12-ஆம் வசனத்தில் 'முகமுகமாய்' என்று இருக்கும்போது வேறு எப்படி எடுப்பது! அவருடைய வாதம் நிற்பது எபேசியர் 2:20-ல். அப்போஸ்தலரும் தீர்க்கதரிசிகளும் அஸ்திபாரம், அது ஒரு முறைதான் போடப்படும், அதோடு அந்த வரங்களும் முடிந்தன என்பார். வரங்கள் இன்றும் உண்டு என்கிற எதிர்த்தரப்பில் இறையியலாளர் வேய்ன் க்ரூடம், சபையில் சொல்லப்படும் தீர்க்கதரிசனத்துக்கு வேதவாக்கியத்தின் அதிகாரம் கிடையாது, அதனால்தான் 1 கொரிந்தியர் 14:29 அதை நிதானிக்கச் சொல்கிறது என்பார். இந்த இரண்டு வசனங்களும் உங்கள் விடையில் இருந்தே ஆக வேண்டும்.

பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட வரங்கள், கிறிஸ்துவின் வருகை என்ற இரண்டு கேள்விகளை வைத்து நான்கு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். வார்ஃபீல்ட்: வரங்கள் நின்றன, உலகம் சுவிசேஷத்தால் செழித்த பிறகே கிறிஸ்து வருவார். ஜான் மெக்கார்தர்: வரங்கள் நின்றன, ஆனால் வருகை ஆயிரவருட அரசாட்சிக்கு (வெளிப்படுத்தல் 20 சொல்லும் கிறிஸ்துவின் ஆட்சிக்கு) முன். அசெம்பிளிஸ் ஆஃப் காட் (1914-ல் உருவான பெந்தெகொஸ்தே சபை அமைப்பு): வரங்கள் உண்டு, வருகை அரசாட்சிக்கு முன். சாம் ஸ்டார்ம்ஸ்: வரங்கள் உண்டு, ஆயிரம் வருஷம் என்பது இப்போதைய சபைக்காலமே. ஒரு கேள்விக்கான பதிலை வைத்து மற்றதை ஊகிக்க முடியாது என்பது இதிலேயே தெரிந்துவிடும், கேள்வி கேட்பவருக்கும் அதுதான் வேண்டும்.

நம்மூரிலேயே பாருங்கள், சகோதரர் சபைக்காரரும் பெந்தெகொஸ்தேகாரரும் அந்நியபாஷையைப் பற்றி ஒத்துப்போவது அபூர்வம், இரகசிய வருகைப் படம் (கிறிஸ்து இரகசியமாக வந்து சபையை எடுத்துக்கொள்வார் என்பது) மட்டும் பெரும்பாலும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அந்தப் போதனையைப் பரப்பிய டார்பி, சகோதரர் சபையின் ஆரம்பகாலத் தலைவர்களில் ஒருவர். 1909-ல் வந்த ஸ்கோஃபீல்ட் வேதாகமத்தின் குறிப்புகள் அதை வீடு வீடாகக் கொண்டுபோயின. 1906-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் அசூசா தெருவில் எழும்பிய பெந்தெகொஸ்தே இயக்கத்தில் பெரும்பாலோர் டார்பியின் வரைபடத்தை எடுத்துக்கொண்டார்கள், வரங்களைப் பற்றிய முடிவை மட்டும் விட்டுவிட்டார்கள். சரித்திரக் கேள்விக்கு இதை எழுதலாம். இன்னும் பின்னால் போக வேண்டுமென்றால் இரண்டாம் நூற்றாண்டில் மொன்டானிஸ்டுகள் என்ற கிறிஸ்தவக் குழு, அவர்கள் தீர்க்கதரிசனமும் சொன்னார்கள், புதிய எருசலேம் சின்ன ஆசியாவின் பெப்பூசாவில் இறங்கும் என்றும் எதிர்பார்த்தார்கள்.

தேர்வுக்கு முந்தின நாள் உரைநூல்களை மூடிவிட்டு வெளிப்படுத்தல் 20-ஐ மட்டும் வாசியுங்கள். ஆயிரம் வருஷம் ஆறு முறை வரும். சபை எடுத்துக்கொள்ளப்படுவது அங்கே இல்லை, அதற்குக் காட்ட வேண்டியது 1 தெசலோனிக்கேயர் 4:17.