கேலனின் பன்றியும் வழி மாறிய நரம்பும்

கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் ஒட்டிவைத்து மணிக்கட்டை லேசாக உள்பக்கம் மடக்கிப் பாருங்கள். நடுவில் கயிறு மாதிரி ஒரு நாண் புடைத்துக்கொண்டு வந்தால் அது பால்மாரிஸ் லாங்கஸ் என்ற தசையினுடையது. வரவில்லையா, பயப்பட ஒன்றுமில்லை, நூற்றில் சுமார் 15 பேருக்கு அது இருக்காது என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு (இந்த விகிதம் இனத்துக்கு இனம் நிறைய மாறும்). எனக்கு இடது கையில் இல்லை, இல்லாமல் எந்தக் குறையும் தெரிந்ததில்லை. வேறு எங்காவது அறுந்துபோன நாணைச் சரிசெய்ய சர்ஜன்கள் இதைத் தாராளமாக எடுத்துப் பயன்படுத்துகிறார்கள், எடுத்ததால் கை ஒன்றும் பலவீனமாகிவிடுவதில்லை.

உடம்பு வித்தியாசங்கள் என்றதும் எல்லோரும் சொல்வது இதயம் வலது பக்கம் இருப்பவர்களைப் பற்றித்தான். சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு இதயம், கல்லீரல், குடல் எல்லாமே பக்கம் மாறி அமைந்திருக்கும், பலருக்கு ஏதோ ஒரு எக்ஸ்ரேயிலோ ஸ்கேனிலோதான் அது தெரியவரும். சுவாரசியம்தான், ஆனால் என்னை அதிகம் இழுத்தது அதைவிடச் சின்ன விஷயம், ஒரே ஒரு நரம்பு.

குரல்வளைக்குப் போகும் நரம்பு நேராகப் போகாது. மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பில் பிரிந்து, இடது பக்கம் நெஞ்சுக்குள் போய்ப் பெருந்தமனியின் வளைவைச் சுற்றியும், வலது பக்கம் கைக்குப் போகும் தமனியைச் சுற்றியும் திரும்ப மேலே ஏறிவரும். கருவில் கழுத்துப் பக்கம் இருக்கும் இதயம் நெஞ்சுக்கு இறங்கும்போது, அதன் தமனிகளில் மாட்டிக்கொண்ட நரம்பும் கூடவே இழுபட்டுப்போவதால் வந்த வினை இது. ரோமில் இருந்த கிரேக்க மருத்துவர் கேலன் இரண்டாம் நூற்றாண்டிலேயே இந்த நரம்பைக் காட்டியிருக்கிறார்: கூட்டத்துக்கு நடுவே ஒரு பன்றியைக் கட்டிப்போட்டு நரம்பை அறுப்பார், அலறிக்கொண்டிருந்த பன்றி மூச்சுவிடும், துடிக்கும், சத்தம் மட்டும் நின்றுபோகும். கொடூரம்தான், ஆனால் குரல் இதயத்திலிருந்து வருகிறது என்று நம்பியவர்களுக்கு அதைவிடத் தெளிவான பதில் கிடையாது.

சரி, இதில் வித்தியாசம் எங்கே? இருநூறு பேரில் ஒருவர், அதிகபட்சம் நூறில் ஒருவருக்கு, வலது கைக்குப் போகும் தமனி வழக்கமான இடத்தில் கிளம்பாமல் பெருந்தமனி வளைவின் கடைசிக் கிளையாகப் புறப்பட்டு, பெரும்பாலும் உணவுக்குழாய்க்குப் பின்னால் புகுந்து வலது பக்கம் வரும். அப்போது வலது நரம்பு மாட்டிக்கொள்ள கொக்கியே இல்லை, அது கழுத்திலேயே பிரிந்து நேராகக் குரல்வளைக்குப் போய்விடுகிறது. அந்த ஆளுக்குப் பெரும்பாலும் இது தெரியவே தெரியாது. தைராய்டு ஆபரேஷன் செய்பவருக்குத்தான் சிக்கல், கீழிருந்து ஏறிவரும் நரம்பைத் தேடிக்கொண்டே குறுக்கே ஓடும் 'ஏதோ ஒரு இழை'யை வெட்டினால் நோயாளியின் குரல் போச்சு. அந்தத் தமனி உணவுக்குழாயை அழுத்துவதால் விழுங்க முடியாமல் பல வருடம் தவித்து இறந்த ஒரு பெண்ணைப் பற்றி டேவிட் பேஃபர்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1794-இல் எழுதியிருக்கிறார்.

ஒரு விஷயம் வித்தியாசமா விதியா என்று சொல்ல நிறைய உடல்களைப் பார்த்திருக்க வேண்டும், உடற்கூறியலுக்கு நெடுங்காலம் கிடைக்காதது அதுதான். கேலன் அறுத்தது குரங்குகளையும் பன்றிகளையும். அவர் எழுதியதே ஆயிரத்துச் சொச்சம் வருடம் வேதவாக்கு. 1543-இல் 28 வயது உடற்கூறியலாளர் வெசாலியஸ், கேலன் சொன்னபடி கீழ்த்தாடை இரண்டு எலும்பு அல்ல, மனிதனுக்கு ஒன்றுதான் என்று காட்டிய பிறகு அவருடைய பழைய வாத்தியார் சில்வியஸ் அவரைப் பைத்தியக்காரன் என்றே எழுதினார். கேலனுக்குத் தப்பு வராதாம், அவர் காலத்துக்குப் பிறகு மனித உடம்புதான் மாறிவிட்டதாம்! நெதர்லாந்தின் லெய்டனில் இருந்த உடற்கூறியலாளர் அல்பினஸ் வேறு ரகம். 1747-இல் அவர் வெளியிட்ட எலும்புக்கூடு, தசைப் படங்கள் அவ்வளவு அழகு (இரண்டில் பின்னணியில் காண்டாமிருகம் மேய்கிறது, ஏன் என்று அப்போதே சிலர் முகம் சுளித்திருக்கிறார்கள்), ஆனால் எலும்புகளில் இருந்த குறைகளைத் திருத்தித்தான் வரையவைத்தார். அந்த 'திருத்திய' உடம்புதான் இன்றைய பாடப்புத்தகங்களின் தாத்தா.

உடல்கள் வந்த விதம் அசிங்கம். பிரிட்டனில் 1752 சட்டப்படி தூக்கிலிடப்பட்ட கொலைகாரர்களின் உடல்கள் கிடைத்தன, அது போதாமல் கல்லறைத் திருட்டு. 1828-இல் எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் 16 பேரைக் கொன்று ராபர்ட் நாக்ஸ் நடத்திய உடற்கூறியல் பள்ளிக்கு விற்றது வெளியே வந்தது. 1832-இல் புதுச் சட்டம் வந்து கொலைகாரர்களை விட்டுவிட்டு, ஏழை விடுதிகளில் கேட்பாரில்லாமல் இறந்தவர்களை மேசைக்கு அனுப்பியது. தமனி எத்தனை விதமாகக் கிளைக்கும் என்று எண்ணிக்கையோடு பேச முடிந்ததற்கு, சம்மதமே கேட்கப்படாத இந்த ஏழைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. இதை நன்றி என்ற ஒரு வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம், சில்வியஸை நான் சிரித்துத் தள்ளிவிட்டேன், ஆனால் 2019-இல் வந்த ஒரு ஆய்வு முழங்காலுக்குப் பின்னால் சிலருக்கு இருக்கும் ஃபபெல்லா என்ற குட்டி எலும்பைப் பற்றிப் பேசுகிறது: 1918-இல் 11 சதவீதம் பேருக்கு இருந்தது 2018-இல் 39 சதவீதமாகிவிட்டதாம். முன்கையின் நடுவில் கருவில் இருந்து பிறகு மறைய வேண்டிய ஒரு தமனியும் 1880-களின் நடுவில் பிறந்தவர்களில் சுமார் 10 சதவீதம் பேருக்குத்தான் தங்கியிருந்தது, இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் பிறந்தவர்களில் 30 சதவீதம் வரை என்று 2020-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சொன்னார்கள். காரணம் உணவா, உயரமா, தாயின் உடல்நலமா என்று விவாதம் ஓடுகிறது. கேலன் இரண்டு என்று சொன்ன அந்தத் தாடை மட்டும் இன்றுவரை ஒரே எலும்புதான்.