வெட்னரி முதலாண்டு அனாட்டமி: டெஸ்டிஸ் (விதை) கைக்கு வந்தா முதல்ல வாலைத் தேடுங்க

ரிசல்ட் வந்தாச்சு. ராமையன்பட்டி வெட்னரி காலேஜ்ல அடுத்து பரீட்சை எழுதப்போற தம்பி தங்கச்சிகளுக்கு மற்றதெல்லாம் அப்புறம். ஸ்பாட்டர்ல (மாதிரியைப் பார்த்து அடையாளம் எழுதுற தேர்வு) டெஸ்டிஸ் வந்தா, அது மேல ஒட்டியிருக்கிற விந்துச் சுருள்குழாய் எபிடிடைமிஸோட வாலைக் கண்டுபிடிக்காம பேனாவைத் தொடாதீங்க. வால் தெரியாம இடதா வலதான்னு எழுதுறது வெறும் சீட்டுக்குலுக்கல்தான்.

கிடா, காளை ரெண்டுக்கும் விதை செங்குத்தா தொங்கும். தலை மேலே, வால் கீழே, எபிடிடைமிஸ் உடல் பின்பக்கம், டக்டஸ் டெஃபரன்ஸ் (விந்துக்குழாய்) உள்பக்கம். இந்த நாலையும் பொருத்திப் பிடிச்சா பக்கம் தானா வந்துடும். குதிரைக்குப் படுக்கைவாட்டு, வால் பின்னால. பன்றிக்கு வால் ஆசனவாயைப் பார்த்து மேலே ஏறி நிக்கும்.

படம் பார்த்து இது வராது. மேலப்பாளையம் கறிக்கடையில சொல்லிவச்சு கிடா விதையை உறையோட வாங்குங்க. உரிச்சுக் கொடுத்தா எபிடிடைமிஸும் போயிரும். வஜைனல் உறையை (விதையைச் சுத்தியிருக்கிற பை) திறந்ததும் வாலை உறையோட கட்டியிருக்கிற தசைநார் விரல்ல தட்டும். திறந்த முறையில காயடிக்கும்போது அறுத்துவிடுற தசைநார் இதுதான். பிறகு நெடுக்கா ரெண்டா வெட்டுங்க. டூனிகா அல்புஜினியா (விதையோட கெட்டியான வெள்ளை மேலுறை) இறுக்கிப் பிடிச்சிருந்ததால சதை பிதுங்கி வெளியே வரும், நடுவுல வெள்ளையா தெரியுற இணைப்புத் திசுதான் மீடியாஸ்டினம். வாலைக் கீறி ஒரு சொட்டை, 37 டிகிரியில வச்ச 0.9 சதவீத உப்புக்கரைசல்ல கலந்து ஸ்லைடுல பாருங்க. ஸ்லைடு குளிர்ந்தா விந்தணுவோட அசைவு அடங்கிரும். வெறும் தண்ணி கலந்தா விந்தணுவோட வால் சுருண்டுரும்.

துணைச் சுரப்பிகள் (விந்தோட சேர்ற திரவத்தைச் சுரக்கிறவை: ஆம்புல்லா, வெசிகுலர், பிராஸ்டேட், பல்போயுரித்ரல்) மனப்பாடம்தான், வேற வழியில்ல:
- நாய்: பிராஸ்டேட் மட்டும்தான் பெருசு. வெசிகுலரும் இல்ல, பல்போயுரித்ரலும் இல்ல.
- பூனை: பிராஸ்டேட், பல்போயுரித்ரல்.
- பன்றி: ஆம்புல்லா இல்ல. பல்போயுரித்ரல் நீள உருளையா, ரொம்பப் பெருசு.
- ஆடு: பிராஸ்டேட்டுக்குத் தனி உடல் கிடையாது, யூரித்ரா (மூத்திரக்குழாய்) சுவருக்குள்ள பரவியிருக்கும்.
- காளை: எல்லாம் உண்டு. பல்போயுரித்ரல் மேல தடிச்ச தசை மூடியிருக்கும், அதை விலக்காம ‘இல்ல’ன்னு எழுதிராதீங்க.

ஃபிசியாலஜியில ஒரே கணக்கு போதும். செமினிஃபெரஸ் சுழற்சி (விதைக்குள்ள விந்தணு உருவாகுற குழாய்ல ஒரு சுற்று முடியுற காலம்) நாளை 4.5 ஆல பெருக்குனா விந்தணு உருவாகுற காலம் கிடைக்கும். காளைக்குச் சுழற்சி 13.5 நாள், பெருக்குனா ஏறக்குறைய 61 நாள். சுழற்சி செம்மறிக் கிடாவுக்கு 10.4 நாள், பன்றிக்கு 8.6 நாள். இதுக்கு மேல எபிடிடைமிஸைக் கடக்குற நாட்களையும் கூட்டணும். கத்திரி வெயில்ல காளைக்கு விதைப்பை சூடேறினா அன்னைக்கே விந்து கெடாது. ஏன்னு கேட்டா இந்தக் கணக்கைச் சொல்லுங்க: அப்போ உருவாகிட்டிருந்த அணுக்கள் வெளியே வர வாரங்கள் ஆகும், அந்தப் பழுது முழுசா கழியவும் ரெண்டு மாசத்துக்கு மேல ஆகும். விதையில எந்த செல்லை எந்த ஹார்மோன் இயக்கும்ங்கிற லேடிக்–எல்ஹெச், செர்டோலி–எஃப்எஸ்ஹெச் ஜோடியெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

வைவாவுல (வாய்மொழித் தேர்வு) சிக்மாய்டு வளைவு, அதாவது ஆண்குறியில இருக்கிற S வடிவ வளைவு, வந்தா காளை, கிடாவுக்கு விதைப்பைக்குப் பின்னால, பன்றிக்கு முன்னால. குதிரைக்கும் நாய்க்கும் கிடையாது. அடுத்த கேள்வி மூத்திரக்கல் எங்கே அடைக்கும்னு வரும். கிடாவுக்கு ரெண்டு இடம்: இந்த வளைவு, ஆண்குறி நுனியில நீட்டியிருக்கிற யூரித்ரல் ப்ராசஸ். குட்டியிலேயே காயடிச்சா யூரித்ரா முழுசா வளராம குறுகலாவே நின்னுரும். அதனால காயடிச்ச கிடாவுக்குத்தான் அடைப்பு அதிகம். நுனியில மட்டும் அடைச்சிருந்தா அந்த ப்ராசஸை வெட்டிவிட்டாலே மூத்திரம் போயிரும்.