நகம் பதியும் டயர்

அப்பாவின் கடை வேலூர் பைபாஸ் ஓரத்தில் இருக்கிறது. லாரி டயர்களுக்கு ரீட்ரேடிங் செய்யும் கடை. லீவுக்கு ஊருக்கு வந்தால் பகலில் பாதி நேரம் நான் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். இந்த மே மாதமும் அப்படித்தான். கத்திரி வெயில், காலை பத்து மணிக்கே தார் ரோட்டின் மேல் கானல் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவின் நண்பர் மகன் ஒருவன் குடியாத்தத்திலிருந்து வந்திருந்தான். வேலை கிடைத்து செப்டம்பரில், நான் இருக்கும் கனடாவின் ஒட்டாவாவுக்கு வருகிறான்.

"அக்கா, அங்க போயி செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஹைப்ரிட் கார் வாங்கலாம்னு கீறேன். எந்த கார் நல்லாருக்கும்?" என்று கேட்டான்.

காரைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. டயரைப் பற்றித்தான், அதிலும் பனிக்காலத்துக்கென்று போடும் விண்டர் டயரைப் பற்றித்தான் சொன்னேன். அரை மணி நேரம் பேசியும் பாதி விட்டுப்போன மாதிரி இருந்தது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

டயர் எனக்குப் புதிய விஷயம் கிடையாது. எங்கள் பக்கமே டயர் தெரிந்த பக்கம்தான். அரக்கோணம் அருகே இச்சிபுத்தூரில் எம்.ஆர்.எஃப். தொழிற்சாலை இருக்கிறது. சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலை ஊரை ஒட்டியே போகிறது. தேய்ந்த டயரை உரசி எடுத்து, கம் தடவி, புது ரப்பர் பட்டையைச் சுற்றி, சேம்பருக்குள் வைத்து வேகவைப்பதைப் பார்த்துக்கொண்டேதான் நான் வீட்டுப்பாடம் எழுதினேன். 'கோல்ட் ப்ராசஸ்' என்று பெயர், ஆனால் சேம்பருக்குள் நூறு டிகிரி இருக்கும். புறங்கையை டயர்மேல் வைத்தே சூட்டைச் சொல்லிவிடுவார் அப்பா. வெயில் ஏறுவதற்கு முன்னால் காற்று அடிக்க வேண்டும், பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டைகள், தேய்ந்து மொட்டையான டயரோடு ஏலகிரியின் பதினான்கு வளைவுகளையும் ஏறக்கூடாது, பழைய ஸ்டாக்கைப் புதுசு என்று வாங்கி ஏமாறக்கூடாது. இதெல்லாம் எனக்குப் பத்து வயதிலேயே தெரியும். எல்லாமே வெயிலை வைத்துக் கற்ற பாடம் என்பதுதான் அப்போது தெரியாது.

2022-ல் ஒட்டாவா போனேன். முதியோர் இல்லத்தில் வேலை. காலை ஷிஃப்ட் ஏழு மணிக்கு, ஆறு மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். அந்த ஆகஸ்டில் பழைய கொரோலா ஹைப்ரிட் ஒன்று வாங்கினோம், பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்த கார். வாங்கும்போது நான் முதலில் குனிந்து பார்த்தது டயரைத்தான். பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று ஆரம்பிக்கும் எண் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் 3220. அதாவது 2020-ம் வருடம் 32-வது வாரம் செய்த டயர். இரண்டே வருடம். பட்டன் ஏழு மில்லிமீட்டர் இருந்தது, புது டயர் மாதிரி. பக்கத்திலேயே 'எம் ப்ளஸ் எஸ்' என்றும் போட்டிருந்தது. சேறும் பனியும் என்று அதற்கு அர்த்தம். "ஆல் சீசன் டயர், வருஷம் பூரா ஓட்டலாம்" என்றார் விற்றவர். வேலூர்க் கணக்குக்கு அது முதல் தரமான டயர். நம்பினேன்.

நவம்பர் கடைசி வாரம். அன்றைக்குப் பனி பெய்யக்கூட இல்லை. முந்தின நாள் தூறிய மழை இரவில் உறைந்திருக்கிறது. ரோடு கறுப்பாக, சாதாரணமாகத்தான் தெரிந்தது. எங்கள் தெரு முனையில் சின்ன இறக்கம், கீழே ஸ்டாப் போர்டு. வேகம் முப்பதுக்குள்தான். பிரேக்கை அழுத்தினேன். காலுக்கடியில் பெடல் கடகடவென்று உதறியது. சக்கரம் நின்று நின்று சுற்றுகிறது, கார் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. போர்டைத் தாண்டி, குறுக்கு ரோட்டில் பாதி வண்டியை நீட்டிக்கொண்டுதான் நின்றது. எதிரில் வண்டி இல்லை. தினமும் அந்த நேரத்தில் நாயோடு நடக்கும் பெரியவரும் அன்றைக்கு வரவில்லை. அதை நினைத்தால் இன்றும் என் கை வியர்க்கிறது.

வேலைக்குப் போய் இறங்கியதும் அப்பாவுக்குத்தான் போன் போட்டேன். வேலூரில் அப்போது சாயங்காலம். அடிபட்டதா என்று கேட்டார், இல்லை என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கண்ணு, டயரத் தொட்டுப் பாத்தியா? நகத்தால அழுத்திப் பாரு" என்றார்.

மைனஸ் 12 டிகிரி. கையுறையைக் கழற்றிவிட்டுப் பட்டனில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினேன். நகம்தான் மடங்கியது. ஆகஸ்டில் இதே இடத்தை அழுத்தியபோது பிறை மாதிரி ஒரு தடம் விழுந்து மெல்ல மறைந்ததைப் பார்த்திருக்கிறேன். இப்போது அது ரப்பராகவே இல்லை, பழைய செருப்பின் அடிப்பாகம் மாதிரி இருந்தது. பக்கத்தில் என்னோடு வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அக்காவின் கார். அதன் டயரில் அழுத்தினேன். நகம் உள்ளே போனது. பட்டனுக்குள் முடி முடியாக நெளிந்து நெளிந்து வெட்டுகள், விரலால் தள்ளினால் ஒவ்வொரு வெட்டும் திறந்து மூடியது.

"கட்டையாப் பூட்ச்சிம்மா அது. கட்டைய வச்சிக்கினு எப்படி ரோட்டப் புடிக்கும்?" என்றார் அப்பா. பனியையே பார்த்திராத மனிதர். ரப்பரைத் தெரிந்தவர் என்பதால் போனிலேயே சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் அவர் சொன்னதற்கு விளக்கம்தான். ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண ஆல் சீசன் டயரின் ரப்பர் இறுக ஆரம்பிக்கிறது. விண்டர் டயரில் இயற்கை ரப்பரும் சிலிகாவும் கூடுதலாகச் சேர்த்த வேறு கலவை, கடுங்குளிரிலும் இளக்கமாக இருக்கும். 'எம் ப்ளஸ் எஸ்' என்பது பட்டனின் வடிவத்தை மட்டும் சொல்லும் எழுத்து, பனியில் ஓட்டிச் சோதித்ததற்கு அடையாளம் ஆகாது. மூன்று சிகரம் உள்ள மலை, அதற்குள் ஒரு பனிப்பூ, இந்தப் படம் இருந்தால்தான் பனியில் சோதித்து அளவைத் தாண்டிய டயர். குடியாத்தத்துத் தம்பியிடம் இதை ஒரு காகிதத்தில் வரைந்தே காட்டினேன். கார் பார்க்கப் போனால் முதலில் இதைத்தான் தேட வேண்டும்.

ஆல் சீசன் வேறு, ஆல் வெதர் வேறு. பெயர் ஒன்று மாதிரி இருப்பதால் நிறையப் பேர் குழம்புகிறார்கள். ஆல் வெதர் டயரில் அந்த மலைப் படம் இருக்கும், வருடம் முழுக்கவும் ஓட்டலாம். மிஷலின் கிராஸ்கிளைமேட் 2 இந்த வகை. என் கணவர் இதையே வாங்கலாம் என்றார். ஒரே செட், வருடத்துக்கு இரண்டு முறை மாற்றும் செலவு இல்லை, அபார்ட்மென்டில் நாலு டயரை அடுக்கி வைக்க இடமும் தேட வேண்டாம். நியாயமான பேச்சு. வீட்டிலிருந்தே வேலை செய்பவர், பனி வழித்த பிறகு பகலில் மட்டும் ஓட்டுபவர் என்றால் நானும் அதையே சொல்வேன். ஆனால் நான் கிளம்பும் நேரத்தில் பனி வழிக்கும் வண்டி எங்கள் தெருவுக்கு வந்திருக்காது. மைனஸ் 25-ஐத் தொடும் காலைகள் உண்டு. 'இன்றைக்கு வர முடியாது' என்று சொல்லக்கூடிய வேலையும் இல்லை, அங்கே படுக்கையிலிருந்து எழ ஒருவர் கையை எதிர்பார்த்து இருப்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் முழு விண்டர் டயர் என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன்.

யாழ்ப்பாணத்து அக்கா ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார். "தங்கச்சி, காசைப் பாத்து முன்னுக்கு ரெண்டு ரயர் மட்டும் போட்டிடாதேங்கோ. நாலும் போடோணும்." அவர்கள் டயரை ரயர் என்றுதான் சொல்வார்கள், எழுதுவதும் அப்படியே. முன்சக்கரம்தானே இழுக்கிறது, அதற்கு மட்டும் போதாதா என்று நானும் நினைத்திருந்தேன். முன்பக்கம் பிடித்து பின்பக்கம் பிடிக்காவிட்டால், திருப்பத்தில் வண்டியின் வால் சுழன்று முன்னால் வந்துவிடும். அக்காவுக்கே முதல் வருடம் அப்படி ஆகியிருக்கிறது.

195/65 ஆர் 15 அளவில் நாலு டயர், அவற்றை மாட்டத் தனியாக நாலு இரும்பு டிஸ்க், அதாவது டயர் உட்காரும் சக்கரம். எல்லாம் சேர்த்து ஆயிரம் டாலருக்குக் கொஞ்சம் மேலே போனது. வந்த முதல் வருடத்தில் அது எங்களுக்குப் பெரிய காசு. ஆனாலும் தனி டிஸ்க்கில் மாட்டி வைத்தது நல்லதாகப் போயிற்று. ஒவ்வொரு முறையும் டயரைக் கழற்றிப் பேலன்ஸ் செய்யும் கூலி மிச்சம், டயரின் ஓரமும் பிய்யாது. ஒரு செட் ஓடும்போது இன்னொரு செட் தேயாமல் ஓய்வில் இருப்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஹைப்ரிட் வாங்குபவர்கள் தயங்குவது மைலேஜுக்காக. அதையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனியிலிருந்து ஹைப்ரிட்டுக்குப் பெரும்பாலும் உருளத் தடை குறைந்த டயர்தான் போட்டு அனுப்புகிறார்கள், லேசாக உருண்டு போகும், பெட்ரோல் மிச்சமாகும். விண்டர் டயர் அப்படி உருளாது. கோடையில் எனக்கு 100 கிலோமீட்டருக்கு நாலரை லிட்டர், ஜனவரியில் ஆறு. ஆனால் அந்த ஒன்றரை லிட்டரையும் டயர் குடிக்கவில்லை. குளிரில் பேட்டரி சோர்ந்துவிடும். உள்ளே ஹீட்டருக்குச் சூடு வேண்டும் என்பதால், கார் நின்றாலும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். டயரில் காற்றும் இறங்கும். இலையுதிர் காலத்தில் 15 டிகிரியில் 35 அடித்த டயர், மைனஸ் 15-ல் பஞ்சரே இல்லாமல் 30-க்கு வந்துவிடும். காலையில் வண்டியை எடுக்கும் முன் காற்றைப் பார்க்க வேண்டும் என்ற அப்பாவின் பாடம் ஒன்று மட்டும் இரண்டு ஊருக்கும் பொருந்தியது. என் விண்டர் டிஸ்க்கில் காற்றழுத்தம் காட்டும் சென்சார் இல்லை, குளிர்காலம் முழுக்க டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். அப்பா கொடுத்தனுப்பிய கேஜ்தான் எனக்குச் சென்சார்.

இன்னொன்று, மின் மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு விசையோடு சுற்றும். பனியில் ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று மிதித்தால் சக்கரம் வழுக்கும், உடனே கார் தானாகவே விசையை வெட்டிவிடும், நடுரோட்டில் அப்படியே நிற்போம். நல்ல டயரும் மெதுவான காலும் சேர்ந்துதான் இதற்கு மருந்து.

சட்டம் என்ன சொல்கிறது என்று தம்பி கேட்டான். ஒட்டாவா ஒண்டாரியோ மாகாணம், அங்கே கட்டாயம் இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கட்டினோ, அது கியூபெக். அங்கே பதிவான கார் என்றால் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் இருந்தே ஆக வேண்டும். பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விழுவது ஒரே பனிதான். ஒண்டாரியோவில் நாலு விண்டர் டயர் போட்டால் இன்ஷூரன்ஸில் தள்ளுபடி கொடுக்க வேண்டும் என்று 2016 முதல் விதி இருக்கிறது. நாமாகக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

நாங்கள் பேசுவதை அப்பா உரசும் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "இந்த டயர மொதல்ல யாரு செஞ்சாங்க?" என்றார். பின்லாந்து நாட்டில் 1934-ல், இன்று நோக்கியன் என்று அழைக்கப்படும் கம்பெனி, முதலில் லாரிக்குத்தான் செய்தது, காருக்கு 1936-ல் வந்தது என்றேன். "லாரிக்குத்தான் மொதல்லயா" என்று இரண்டு முறை சொல்லிக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

இந்த முறை அவருக்காக ஒன்று கொண்டுவந்திருந்தேன். ஒட்டாவாவில் டயர் மாற்றும் கடையில், கழித்துப் போட்ட விண்டர் டயர் ஒன்றிலிருந்து பட்டனை மட்டும் உள்ளங்கை அளவுக்கு அரிந்து தரச் சொல்லி வாங்கி வந்தேன். அப்பா அதைக் கையில் வாங்கிப் பிசைந்தார். அன்றைய வெயிலில் அது மாவு மாதிரி குழைந்தது. "இத நம்மூர்ல ஓட்டுனா ஒரே கோடையில கரைஞ்சி பூடும்" என்றார். உண்மைதான். அங்கேயும் ஏப்ரல் பிறந்து குளிர் விட்டதும் கழற்றிவிட வேண்டும், சூட்டில் வேகமாகத் தேயும், பிரேக் போட்டால் வண்டி நிற்கும் தூரமும் நீளும்.

ராத்திரி வீட்டுக்கு வரும்போது கழிவுக் குவியலிலிருந்து ஒரு கார் டயரின் பட்டனையும் அதே அளவுக்கு வெட்டி எடுத்து வந்திருந்தார். இரண்டையும் பாலிதீன் பையில் சுற்றி ஃப்ரீசருக்குள் வைத்தார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஐஸ் டிரேயை மட்டும் நகர்த்தி இடம் விட்டார்.

காலையில் ஃபிளாஸ்க்கில் ஐஸ் போட்டு, அதற்குள் இரண்டு துண்டுகளையும் வைத்துக் கடைக்கு எடுத்துப் போனார். தம்பியை வரச் சொல்லியிருந்தார். அவன் வந்ததும் துணியால் துடைத்து அவன் உள்ளங்கையில் இரண்டையும் வைத்தார்.

"நகத்தால அழுத்து. எது எதுன்னு நீயே சொல்லு."

அவன் முதல் துண்டை அழுத்தினான். அடுத்ததை அழுத்தினான். மறுபடி முதல் துண்டுக்கு வந்தான். பிறகு நகத்தடம் விழுந்த துண்டை அப்பாவிடம் நீட்டினான்.