கம்பத்துக்கு அடியில் நான்கு சென்டிமீட்டர்

2019 மே 15. உக்ரைன் கால்பந்துக் கோப்பை இறுதியாட்டத்தில் பெட்ரோவே என்ற சிற்றூரின் இன்ஹுலெட்ஸ் அணி, நாட்டின் பெரிய அணியான ஷாக்தாரிடம் 4-0 எனத் தோற்றது. எங்கள் கிளப் தலைவர் அந்த நான்கு கோல்களைக் கண்டுகொள்ளவே இல்லை. இன்ஹுலெட்ஸ் தலைவர் பொவொரோஸ்னியுக்கைப் போல அவரும் நிலமும் தானியமுமாக வளர்ந்தவர். "அவர்களால் முடிந்தது நமக்கு முடியாதா?" என்றார். அடுத்த மாதமே கோவலிவ்கா கிராமத்தின் கோலோஸ் அணி, தொடங்கிய ஏழாவது ஆண்டில் உக்ரைனின் முதல் படியான பிரீமியர் லீகுக்கு ஏறியது. அதற்குமேல் அவரைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. அமெச்சூர் அணியான நாங்கள் இரண்டாவது லீகுக்குப் போகவேண்டும். பெயர்தான் இரண்டாவது, வரிசையில் மூன்றாம் படி.

கணக்கு எழுதும் என் தலையில் வேலை விழுந்தது. கால்பந்து சங்கத்தின் 'அத்தெஸ்தாத்', அதாவது தகுதிச் சான்று, இல்லாமல் தொழில்முறை லீகில் கால் வைக்க முடியாது. மைதானம், பயிற்சியாளரின் டிப்ளமா, சிறுவர் அணி, மருத்துவர், கடன் பாக்கி இல்லை என்ற சான்று என்று கேட்டுக்கொண்டே போனார்கள். மைதானம் எங்களுடையது என்றுதான் ஊரே நினைத்திருந்தது. குத்தகைப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால், எப்போதோ கலைக்கப்பட்ட ஒரு கூட்டுப்பண்ணையின் பெயர் இருந்தது. அதைத் திருத்த ஓர் அலுவலகத்துக்கு ஆறு முறை அலைந்தேன். ஐந்தாவது முறை, முத்திரை மங்கலாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள்.

பள்ளி உடற்பயிற்சி ஆசிரியர்தான் எங்கள் பயிற்சியாளர். அவரிடம் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஃபாவின் உரிய டிப்ளமா இல்லை. வெளியூரிலிருந்து ஒருவரை அமர்த்தி, இவரை உதவியாளர் ஆக்கினோம். ஆசிரியர் ஒரு வாரம் என்னுடன் பேசவில்லை.

ஆய்வுக்கு வந்தவர் கோலை அளந்தார். குறுக்குக் கம்பத்தின் உயரம் 2.44 மீட்டர் இருக்கவேண்டும், 2.40 தான் இருந்தது. மைதானக்காரத் தாத்தா ஒவ்வொரு வசந்தத்திலும் கோல்கீப்பர் மிதித்த குழியில் மண் கொட்டி மேடாக்கிவிட்டார். "கோல் குறைவாக விழுந்தால் யாருக்கு நஷ்டம்?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். அன்று மாலை மண்வெட்டியுடன் நானும் இறங்கினேன்.

ஒப்பந்தம் போடும் நாள்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பதினேழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். இடப்புறத் தடுப்பாட்டக்காரன் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். 31 வயது, தலைவரின் பண்ணையில் அறுவடை இயந்திரம் ஓட்டுகிறான். "அறுவடைக் காலத்தில் அங்கே கிடைப்பது இந்தச் சம்பளத்தைவிட அதிகம், அண்ணா. இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள்" என்றான். பதினோரு வருடம் காசு வாங்காமல் ஆடியவன். காசு வந்த அன்று வெளியே போனான்.

கொரோனாவால் எல்லாம் தள்ளிப்போய், 2020 இலையுதிர்காலத்தில்தான் சொந்த மண்ணில் முதல் ஆட்டம். வேலிக்கு அந்தப் பக்கம் சூரியகாந்தி அறுவடை நடந்துகொண்டிருந்தது. இருபதாவது நிமிடம் இருக்கும், இயந்திரத்தின் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். அவன் அதன் கூரைமேல் ஏறி உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் டீசல் கணக்குப் பார்க்கும் தலைவரும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. 2-0 எனத் தோற்றோம். இரண்டு கோலும் இடப்பக்கம் வழியாகத்தான் வந்தன.